வாரண்டி கொடுத்தவர் வண்டியில் ஏறட்டும்

கல்யாணப் பந்தியில் இலை போட்டு உப்பு வைப்பதற்குள் யாராவது ஒருவர் என்னிடம் கேட்டுவிடுகிறார்: "ஏனுங்க, இந்தக் கரண்டு காருக்கு பேட்டரி எத்தனை வருசம் வருமுங்க?" வாழ்நாள் முழுக்க வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் நான். கடைசிச் சில வருடங்கள் மின்சாரக் கார்களோடு மல்லுக்கட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். அதனால் என்னிடம் பதில் இருக்கும் என்று நினைக்கிறார்கள். இருக்கிறது. ஆனால் அது ஒரு வரியில் சொல்லி முடிகிற பதில் இல்லை. பாயசம் வரும்வரைகூட யாரும் பொறுமையாகக் கேட்பதில்லை.

போன மாதம் எங்கள் பழைய சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம். பேட்டரிக்கு வாழ்நாள் வாரண்டி என்று கம்பெனி இப்போது விளம்பரம் போடுகிறது. இந்த நேரத்தில் தலைநரைத்த ஒருவன் வந்து நாலு நல்ல வார்த்தை பேசினால் எடுபடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கூப்பிட்டவர், "கொஞ்சம் பாசிட்டிவா பேசுங்க" என்றும் சொன்னார். நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. பேசத்தானே விடமாட்டார்கள், எழுதுவதை யார் தடுப்பது? எழுதுகிறேன்.

நான் வேலை கற்றது குமுளியில். ஏலத்தோட்டங்களுக்கு ஓடுகிற ஜீப்புகளைப் பழுது பார்க்கும் பட்டறை. முதலாளி தாஸ் மேஸ்திரி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். கற்ற காலத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கிரீஸும் வசவும் சரிபாதியாகக் கிடைத்தன. ஆனால் அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு ஜீப்புக்கு பிரேக் வேலை பார்த்தால், பார்த்தவன் அந்த ஜீப்பின் முன்சீட்டில் ஏறி, அது மலையிறங்கிக் கம்பம் போய்ச் சேரும்வரை கூடவே போக வேண்டும். திரும்பி வருவதற்கு பஸ். முதல் தடவை நான் தயங்கி நின்றேன். மேஸ்திரி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "பிரேக்கு கட்டுனவன் ஏறுலே. நீ ஏற யோசிக்கிற வண்டியில அடுத்தவன் எப்படிலே ஏறுவான்?" என்றார். ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் பிரேக்கை மிதித்தபோது நான் முடுக்கிய நட்டுகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணினேன். அதன்பிறகு நான் ஒரு நட்டைக்கூட அரைகுறையாக முடுக்கியதில்லை.

ரசீது இல்லை, முத்திரை இல்லை, நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்ற பொடி எழுத்து இல்லை. நான் பார்த்த முதல் வாரண்டி அதுதான். அதைவிட நல்ல வாரண்டியை அப்புறம் எந்தக் கம்பெனியிலும் நான் பார்க்கவில்லை.

கல்யாணம் என்னைப் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்கு இழுத்துவந்தது. கோயம்புத்தூர் ரோட்டில் ஒரு பெரிய கார் விற்பனை நிலையத்தின் சர்வீஸ் பிரிவில் சேர்ந்தேன். பெட்ரோல், டீசல் என்று வருடங்கள் ஓடின. மின்சாரக் கார் வந்ததும் சென்னைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். என்னோடு வந்தவர்களில் பலர் பயந்துபோய் வேறு கம்பெனிக்குத் தாவினார்கள். எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. அதில் ஒரு ஒழுங்கு இருந்தது.

அந்த ஒழுங்கைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரியில் கைவைக்கும் முன் மோதிரம், வாட்ச், அரைஞாண் முதற்கொண்டு உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. கையுறையைப் போடுவதற்கு முன் அதன் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, கன்னத்தருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கன்னத்துக்குத் தெரிந்துவிடும். விளக்குக்கும் ஹாரனுக்கும் இருக்கிற சின்ன பேட்டரியின் வயரைக் கழற்றி, பிறகு பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் பிளக்கை உருவ வேண்டும். உருவிய பிளக் யார் கையிலும் போகக் கூடாது. அது என் சட்டைப் பையில் இருக்கும். சாப்பிடப் போனாலும் அதோடுதான் போவேன். மிச்ச மின்சாரம் வடியக் காத்திருந்து, பிறகு மீட்டர் வைத்து அளக்க வேண்டும். அதற்கும் முன்னால் மின்சாரம் இருக்கிற ஒரு இடத்தில் வைத்து மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அளந்து முடித்தபின் மறுபடியும் ஒருமுறை மீட்டரைச் சோதிக்க வேண்டும். மீட்டர் நடுவில் செத்துப்போய் பூஜ்யம் காட்டினால் செத்தவன் நானாக இருப்பேன். கம்பெனி சொல்வதையும் இப்படி முன்னும் பின்னும் சோதித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

மின்சாரக் கார் மோசம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆயில் இல்லை, கிளட்ச் இல்லை, பிரேக் கட்டை தேயவே மாட்டேன் என்கிறது. எங்களிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவை அந்தச் சின்ன பேட்டரி இறங்கிப்போனதாலோ, வயலோரம் நிறுத்திய வண்டியில் எலி புகுந்து வயரைக் கடித்ததாலோ வந்தவை. நல்லேப்பிள்ளி பக்கத்து எலிகளுக்குப் பெரிய பேட்டரியிலிருந்து போகிற ஆரஞ்சு வயர் மேல் என்ன பிரியமோ தெரியாது. எலி கடித்தால் வாரண்டி கிடையாது என்று கம்பெனி சொல்லும். நெல் விளைகிற ஊரில் கொண்டுவந்து விற்கும்போது எலி இருக்கும் என்று தெரியாதா என்று நான் கேட்பேன். இப்படிக் கேட்டுக் கேட்டே மேலே இருப்பவர்களுக்கு நான் ஆகாதவன் ஆனேன்.

மேலே இருந்தவர் வேணுகோபால் சார், சர்வீஸ் மேனேஜர். பாலக்காட்டு டவுன்காரர், என்னைவிட வயதில் சின்னவர். கோபப்பட்டு யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இல்லை என்ற சொல்லும் அவர் வாயில் வராது. வாடிக்கையாளர் சொல்வதையெல்லாம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, திறந்த பேனாவை விரலில் சுழற்றிக்கொண்டிருப்பார். கடைசியில், பார்க்கலாம் என்பதற்கு மலையாளத்தில் "நோக்கலாம்" என்பார். அப்போது அவர் முகத்தைப் பார்த்துப் பயனில்லை. பேனாவைப் பார்க்க வேண்டும். மூடியைப் போட்டு டப்பென்று மூடிவிட்டால் கதை முடிந்தது. வாடிக்கையாளர் நம்பிக்கையோடு வெளியே போவார். எங்களுக்குத்தான் தெரியும், அந்த வண்டிக்கு ஒன்றும் நடக்காது.

செல்வநாயகியை நான் தெரிந்துகொண்டது வண்டி டெலிவரி அன்று. நல்லேப்பிள்ளியில் நெல் விவசாயம் பார்க்கிற குடும்பம். வீட்டில் யாருக்கும் கரண்டு காரில் நம்பிக்கை இல்லை. அவள்தான் பிடிவாதமாக வாங்கினாள், அதுவும் பச்சை போர்டில் மஞ்சள் எழுத்துப் போட்ட வாடகை வண்டியாக. ஓட்டுவதும் அவளே. எங்கள் பக்கத்திலிருந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறவர்களை ஏற்றிப்போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவாள். வண்டியை அவள் வைத்திருந்த சுத்தத்துக்கு நானே உள்ளே ஏறுமுன் செருப்பைத் தட்டிக்கொள்வேன்.

வம்பு ஆயுத பூஜையில் ஆரம்பித்தது. கேரளத்துப் பக்கம் இது ஒருநாள் சமாச்சாரம் இல்லை. அஷ்டமி சாயங்காலம் ஆயுதங்களைப் பூஜைக்கு வைத்தால் விஜயதசமி காலையில்தான் எடுப்பது. நடுவில் தொடக் கூடாது. முன்பெல்லாம் ஸ்பேனர், ஜாக்கி என்று வைப்போம். அவசரத்துக்கு வருகிறவருக்குக் காற்றாவது அடித்து அனுப்ப முடியும். மின்சாரக் கார் வந்தபின் வேணுகோபால் சார் அந்தக் கார்களைச் சோதிக்கிற லேப்டாப்பையும் சேர்த்து அம்மன் படத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னார். அதன் முதுகில் சந்தனம், குங்குமம், ஒரு செம்பருத்திப் பூ. அந்த லேப்டாப்பை வண்டியில் செருகாவிட்டால் சர்வீஸ் நடந்ததாகவே கம்பெனி ஒத்துக்கொள்ளாது.

நவமி அன்று காலையில் செல்வநாயகி வந்தாள். அடுத்த சர்வீசுக்கான கிலோமீட்டர் நெருங்கிவிட்டது என்றாள். நெற்றியில் சந்தனத்தோடு நின்றிருந்த மேனேஜரே அவள் கையில் அவலும் பொரியும் கொடுத்து, பூஜை எடுத்தபின் வரச் சொன்னார். அவளும் லேப்டாப்பைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். பூஜை முடிந்ததும் ஒரே கூட்டம். அவளுக்கு முறை வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. நோயாளிகளுக்குப் பூஜை விடுமுறை உண்டா? அதற்குள் அவள் வண்டி கிலோமீட்டரைத் தாண்டி ஓடிவிட்டது. நாங்களும் சர்வீஸ் செய்து அனுப்பினோம். யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

சில மாதம் கழித்து, மாநில எல்லையான வாளையாற்றைத் தாண்டியதும் அவள் வண்டி நடுரோட்டில் வேகம் குறைந்து நின்றுவிட்டது. உள்ளே டயாலிசிஸுக்குப் போகிற பெரியவர் ஒருவர். வழியில் வந்த ஒரு குட்டி யானை லோடு வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, அவரை அதில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். கார் இழுவை வண்டியில் எங்களிடம் வந்தது. சோதித்தேன். பேட்டரிக்குள் ஒரு அடுக்கில் செல்கள் சோர்ந்துவிட்டன. முழுச் சார்ஜில் ஒழுங்காக இருக்கும். பாதிக்குக் கீழே இறங்கி, ஏசியும் ஓடி, வேகமும் பிடித்தால் அந்த அடுக்கு கைவிரித்துவிடும். ஓட்டுகிறவர் தப்பு எதுவும் இதில் இல்லை. வாரண்டி காலமும் பாக்கி இருந்தது. பேட்டரியை மாற்றிக்கொடுக்க வேண்டியதுதான்.

மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஒரு சர்வீஸ் தாமதமாகியிருப்பதைக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிடித்துவிட்டது என்றார். வாடிக்கையாளர் தாமதமாக வந்ததாக நான் எழுதிக்கொடுக்க வேண்டும். அப்படி எழுதினால் வாரண்டி போய்விடும். எழுதாவிட்டால் கம்பெனிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் பூஜைக்காக சர்வீசை நிறுத்திவைத்த குற்றம் எங்கள் தலையில் விழும்.

"முருகேசேட்டா, நான் இல்லைன்னு சொல்லலை கேட்டோ. பாலிசி அப்படியாக்கும்" என்றார்.

"அந்தம்மா கையில பொரி கொடுத்தது நீங்கதான சார்" என்றேன்.

பேனா டப்பென்று மூடியது. நான் எழுத மறுத்துவிட்டு வெளியே வந்தேன். அவர் வேறொருவரை வைத்து எழுதி அனுப்பினார். கம்பெனி வாரண்டியை நிராகரித்தது. புதுப் பேட்டரி போட ஆகிற செலவுக்கு அவள் இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம்.

முற்றத்தில் தன் வண்டிப் பக்கத்தில் காத்து நின்றவளிடம் செய்தி சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். செல்வநாயகி அழவில்லை. வண்டியின் கண்ணாடியில் இருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே பேசினாள். "ஊட்ல அத்தனை பேரும் வேண்டாம்னாங்க. நாந்தானுங்ண்ணா ஒத்தைக் கால்ல நின்னு வாங்குனேன். வண்டி நின்னதுக்கப்பறம் அந்தப் பெரியவரு இனி எங்கூட வரமாட்டேன்னுட்டாருங்க. அவரு வரலீன்னதும் வேற யாருங்கூட கூப்புடறதில்லீங்க. இனி எந்த மொகத்த வெச்சுட்டு ஊட்ல நான் ஒரு பேச்சுப் பேசறதுங்க?" செய்யாத தப்புக்கு அவள் தலைகுனிந்து நிற்க, செய்த நாங்கள் நிமிர்ந்து நின்றோம்.

ரெண்டு நாள் கழித்து மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார். டேஷ்போர்டில் எரிகிற பிழை விளக்கை லேப்டாப் மூலம் அழித்துவிட்டு, வண்டியை அவளிடம் ஒப்படைத்துவிடச் சொன்னார். அழித்தால் விளக்கு அணையும், செல் பிழைக்காது. அது அவருக்கும் தெரியும். சாயங்காலத்துக்குள் அவள் வண்டியை ஓட்டிப் போய்விட்டால், அப்புறம் எங்கே நின்றாலும் அது எங்கள் வாசலில் நின்றதாகாது.

வண்டியை எடுக்க அவள் வந்தபோது வரவேற்பு ஹாலில் நல்ல கூட்டம். மேனேஜர் எல்லோர் காதிலும் விழும்படி, வண்டிக்கு இப்போது ஒரு கோளாறும் இல்லை, தைரியமாக ஓட்டலாம் என்றார். எனக்குக் குமுளிப் பட்டறை ஞாபகம் வந்தது. சாவி என் கையில் இருந்தது. நான் கொடுக்கவில்லை.

"அப்ப ஏறுங்க சார். கோயம்புத்தூர் வரைக்கும் போயிட்டு வருவோம். நீங்க முன்சீட்டு" என்றேன்.

அவர் சிரித்தார். வேலை கிடக்கிறது என்றார், பிறகு பார்க்கலாம் என்றார். நான் நகரவில்லை. வேலை போனால் போகட்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். தங்கள் வண்டிக்கும் நாளைக்கு இதே பதில்தானே என்று யோசித்திருப்பார்கள். செல்வநாயகி போய் முன்கதவைத் திறந்து பிடித்தாள். அத்தனை பேர் முன்னால் அவருக்கு வேறு வழியில்லை, ஏறினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். சார்ஜ் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

கஞ்சிக்கோடு தாண்டும்வரை மேனேஜர் உற்சாகமாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். உச்சி வெயில். ஏசியைக் கூட்டி வைக்கச் சொன்னதும் அவரேதான். வாளையாறு தாண்டி ரோடு அகலமாகித் திறந்ததும் செல்வநாயகி வேகம் பிடித்தாள். கொஞ்ச தூரம் போயிருப்போம், டேஷ்போர்டில் மஞ்சளாக ஆமைப் படம் போட்ட விளக்கு எரிந்தது, பேட்டரி சக்தி கொடுக்க மறுக்கிறது என்று அர்த்தம். வண்டி நடக்க ஆரம்பித்தது. பின்னால் வந்த லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே எங்களை உரசுவதுபோல் ஒதுங்கிப் போனது. அடுத்த லாரியும் அப்படியே. மேனேஜர் இரண்டு கையாலும் டேஷ்போர்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தார். செல்வநாயகி நான்கு விளக்குகளையும் மினுக்கவிட்டு, பதற்றமில்லாமல் வண்டியை ஓரத்து மண்ணில் இறக்கி நிறுத்தினாள்.

சத்தம் அடங்கியபின் அவள் சொன்னாள்: "நீங்க உக்காந்திருக்கற சீட்லதானுங் சார் அன்னைக்கு அந்தப் பெரியவரு உக்காந்திருந்தாரு."

இழுவை வண்டி வரும்வரை ஒரு புளியமர நிழலில் மூவரும் நின்றோம். அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. என் பக்கம் திரும்பாமலே, நவமி அன்றைக்கு அவள் வந்தபோது அங்கே வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டார். எல்லாரும் இருந்தோம் என்றேன். பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தார். அன்று அதை அவர் மூடியதை நான் பார்க்கவில்லை.

மறுநாள் கம்பெனிக்கு அவரே எழுதினார். வாடிக்கையாளர் சரியான நேரத்துக்கு வந்தார், எங்கள் கருவிகள் பூஜையில் இருந்ததால் நாங்கள்தான் திருப்பி அனுப்பினோம் என்று எழுதினார். கம்ப்யூட்டரில் தாமதத்துக்குக் காரணம் கேட்கிற இடத்தில் பூஜை என்று ஒரு காரணமே இல்லை. 'இதர' என்பதை அழுத்தினார். கம்பெனியிலிருந்து அவருக்கு நல்ல டோஸ் விழுந்தது. இழுத்தடித்தார்கள், ஒரு இன்ஜினியரை அனுப்பினார்கள், மறுபடியும் இழுத்தடித்தார்கள். கடைசியில் பேட்டரி வந்தது. அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஓய்வு வயதும் வந்தது. இன்னும் ரெண்டு வருடம் வைத்துக்கொள்வதாக முன்பே வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். வாடிக்கையாளர்கள் முன்னால் மேனேஜரை அவமானப்படுத்தியவன் என்று அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சால்வையும் இல்லை, பிரிவுபசாரமும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. அதே இடத்தில் அதே நிலைமை மறுபடியும் வந்தால் அதையேதான் செய்வேன்.

இப்போது என் நிபந்தனை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பேசுவதற்கு ஹாலும் மைக்கும் வேண்டாம். அன்றைக்கு டெலிவரி போகிற ஒரு வண்டியில் வாடிக்கையாளர் பக்கத்தில் அதை வேலை பார்த்த பிள்ளையை ஏற்றுங்கள். வாரண்டி நிராகரித்துக் கையெழுத்துப் போட்ட வண்டி என்றால், கையெழுத்துப் போட்டவரை ஏற்றுங்கள். பின்சீட்டில் உட்கார்ந்து நான் பேசிக்கொண்டு வருகிறேன். இதைத்தான் சொன்னேன். போனை வைத்தவர் வைத்தவர்தான்.

செல்வநாயகியின் வண்டிக்குப் புதுப் பேட்டரி பூட்டியதுதான் நான் கடைசியாகப் பார்த்த வேலை. பிளக்கை என் சட்டைப் பையிலிருந்து எடுத்துச் செருகி, மூடியை முடுக்கி, சாவியைக் கொடுத்தேன். எப்போது மறுபடி ஓட்டம் என்று கேட்டேன். அந்தப் பெரியவரை மறுநாள் கூப்பிட்டுப் பார்ப்பதாகவும், வருவாரா என்று தெரியவில்லை என்றும் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் நல்லேப்பிள்ளிக்குப் பஸ் ஏறினேன். பெரியவருக்கும் அதே ஊர்தான், அவர் வீட்டு வாசலில் வண்டி நின்றது. கையில் தூக்குவாளியோடு அவர் காரின் திறந்த கதவுக்கு வெளியே நின்றிருந்தார். ஒரு கால் வீட்டுப் படியில், ஒரு கால் தரையில்.

"மறுக்காவும் நின்னு போச்சுன்னா என்ன அம்மிணி பண்றது?" என்று கேட்டார்.

நான் போய் முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். இது யார் என்று அவர் செல்வநாயகியைப் பார்த்தார்.

"பேட்டரி பூட்டுனவருங்க. கோயம்புத்தூரு வரைக்கும் நம்மகூடத்தான் வாராரு. நின்னா இவரும் நம்மகூட ரோட்லதான் நிப்பாருங்க. இவருதானுங்க நம்ம வண்டிக்கு வாரண்டி" என்றாள்.

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தூக்குவாளியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என் மடியில் வைத்துவிட்டு, பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினார்.